அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு) 30,000 டாலர் குறைஞ்சு வந்திருக்கு, அறிக்கையைத் தரமாட்டேங்கறாங்க. என்ன செய்யலாம்?

புதுவீடு_தேடி · திங்கள் காலை

வணக்கம். நியூ ஜெர்சியில முதல் வீடு வாங்கறோம். ஒப்பந்த விலை 5 லட்சம் டாலர். 20 சதவீதம், அதாவது 1 லட்சம், கையில சேர்த்து வெச்சிருக்கோம். மீதி 4 லட்சம் கடன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் லோன் ஆபீசர் போன் பண்ணினார். "அப்ரைசல் 4,70,000தான் வந்திருக்கு. மீதிக்கு என்ன பண்றீங்கன்னு ரெண்டு நாள்ல சொல்லுங்க"ன்னார். அறிக்கையை அனுப்புங்கன்னு கேட்டேன். "அது எங்க உள் ஆவணம், க்ளோசிங் அன்னிக்குப் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டார். (க்ளோசிங்னா கையெழுத்து போட்டு வீட்டை வாங்கி முடிக்கற நாள்.) அந்த அப்ரைசலுக்கு 650 டாலர் கட்டினது நான்.

வீட்டுத் தரகரான ரியல்டரோ, வித்தியாசத்தைக் கையிலேர்ந்து கட்டிடுங்க, இந்த ஏரியாவில இப்படி ஒரு வீடு மறுபடி வராதுங்கறார். 30,000ங்கறது எங்களுக்கு மூணு வருஷத்து சேமிப்பு. க்ளோசிங்குக்கு 12 நாள்தான் இருக்கு. அறிக்கையைக் காட்டாம நம்பரை மட்டும் சொல்றது சட்டப்படி சரியா? யார்கிட்ட கேக்கணும்னே தெரியல. ராத்திரி தூக்கமும் இல்ல.

கரிசல்மண் · திங்கள் காலை

டெக்சஸ்ல எனக்கும் 2021ல இதே கதைதாங்க. 18,000 குறைஞ்சது, கட்டிட்டு வாங்கிட்டேன். இன்னிக்கு வீடு அதை விட நல்லாவே விலை போகுது. வீடு பிடிச்சிருந்தா கட்டிட்டுப் போயிருங்க. அப்ரைசரோட மல்லுக்கட்டி ஜெயிச்சவங்க யாரையும் நான் பாத்ததில்ல.

மேசைவிளக்கு · திங்கள் மதியம்

ஒஹையோவில் 16 ஆண்டுகள் உரிமம் பெற்ற அப்ரைசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

"உள் ஆவணம்" என்று உங்களிடம் சொன்னது தவறு. சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தின் கீழ் உள்ள விதிப்படி, வீட்டின் மீதான முதல் அடமானக் கடனுக்குச் செய்யப்படும் ஒவ்வொரு அப்ரைசலின் நகலையும் லெண்டர் (கடன் தரும் நிறுவனம்) உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும். 2014 ஜனவரி 18 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அறிக்கை முடிந்தவுடன் தாமதமில்லாமல் தர வேண்டும்; எப்படியும் க்ளோசிங்குக்கு 3 வேலை நாள் முன்னதாக உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. கடன் மறுக்கப்பட்டாலும், நீங்களே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாலும் நகல் உங்களுக்கு உண்டு. அப்ரைசல் செய்த கட்டணத்தை உங்களிடம் வாங்கலாம், நகலுக்கென்று தனியாகப் பணம் கேட்கக் கூடாது.

போனில் பேசாதீர்கள். இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் விண்ணப்பத்துக்காகச் செய்யப்பட்ட எல்லா அப்ரைசல்களின் நகல்களையும் உடனே அனுப்பவும்." அவ்வளவு போதும். கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் வக்கீலைக் கூப்பிட்டு, ஒப்பந்தத்தில் அப்ரைசல் கண்டிஞ்சென்சி (மதிப்பு குறைந்து வந்தால் விலகலாம் என்ற நிபந்தனை) இருக்கிறதா, அதன் கெடு எந்த நாள் என்று கேளுங்கள். அந்த நாள் கடந்துவிட்டால், விலகினாலும் முன்பணம் திரும்ப வரும் என்ற பாதுகாப்பு போய்விடும். லெண்டரிடம் நீங்கள் என்ன முறையிட்டாலும் இந்தக் கெடு அதற்காகக் காத்திருக்காது.

புதுவீடு_தேடி · திங்கள் இரவு

அக்கா, ரொம்ப நன்றி. நீங்க சொன்ன வரியை அப்படியே அனுப்பினேன். கண்டிஞ்சென்சி இருக்கு, வர வெள்ளிக்கிழமை வரைக்கும்.

ஆனா ஒரு பயம். ஆரம்பத்தில மின்கையெழுத்து போட்ட காகிதக் கட்டை இப்போ திறந்து பாத்தேன். அதுல "3 நாள் முன்னதாக நகல் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்"னு ஒரு தாள்ல நான் கையெழுத்து போட்டிருக்கேன். எல்லாம் முடிஞ்சதா?

வைகைக்கரை · திங்கள் இரவு

தம்பி, பயப்படாதீங்க. நான் 9 வருஷமா லோன் ஆபீசர் (வேற நிறுவனம்). அந்தத் தாள் பல லெண்டர்களோட ஆரம்பக் கட்டிலேயே இருக்கும். நீங்க விட்டுக்கொடுத்தது அந்த 3 நாள் அவகாசத்தை மட்டும்தான். நகல் வாங்கற உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. க்ளோசிங் நேரத்திலோ அதுக்கு முன்னாடியோ தந்தே ஆகணும். ஆனா க்ளோசிங் மேசையில கொடுத்தா அதைப் படிச்சு என்ன பிரயோசனம்? அதனால அடுத்தவங்க யாராவது இதைப் படிச்சா சொல்றேன், அந்தத் தாள்ல "விட்டுக்கொடுக்கிறேன்"ங்கற கட்டத்தைத் தொடாதீங்க. அது உங்க விருப்பம்.

இப்போ கணக்கு. எல்லாரும் 30,000னு பேசறாங்க, அது முழுசா சரியில்ல. லெண்டர் கணக்குக்கு எடுக்கறது ஒப்பந்த விலை, அப்ரைசல் மதிப்பு ரெண்டுல எது குறைவோ அது. 4,70,000ல 80 சதவீதம் 3,76,000. அதுதான் பிஎம்ஐ, அதாவது அடமானக் காப்பீடு, இல்லாம கிடைக்கிற கடன். விலை 5 லட்சமாவே நின்னா நீங்க 1,24,000 போடணும். கூடுதல் 24,000. இல்ல, 4 லட்சம் கடனையே வாங்கறேன்னா கடன் விகிதம் 85 சதவீதத்தைத் தாண்டும், அடமானக் காப்பீடு ஒட்டிக்கும். அதை நீங்க கேட்டு ரத்து பண்ணறதுக்கும் கடன் பாக்கி அதே குறைஞ்ச மதிப்புல 80 சதவீதத்துக்கு இறங்கணும். 1998ல வந்த வீட்டுக்காரர் பாதுகாப்புச் சட்டம் "ஆரம்ப மதிப்பு"ன்னு சொல்றது அந்தக் குறைஞ்ச எண்ணைத்தான். அதனால அறிக்கையில தப்பு இருந்தா அது வருஷக்கணக்கா உங்க பையைத் தொடும்.

புதுவீடு_தேடி · செவ்வாய் காலை

காலைல 9:40க்கு அறிக்கை வந்திருச்சு! 34 பக்கம். ஒரு வரி விளக்கமும் இல்லாம, இணைப்பா மட்டும். எங்கேர்ந்து படிக்கறது அக்கா?

மேசைவிளக்கு · செவ்வாய் காலை

நல்லது. மதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டீர்கள், இனி அதை மறந்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

முதல் பக்கத்தில் உங்கள் வீட்டைப் பற்றிய விவரங்கள் இருக்கும். முகவரி, மனை அளவு, கட்டிய ஆண்டு, படுக்கையறை, குளியலறை எண்ணிக்கை, சதுர அடி. வீட்டை நேரில் பார்த்தவர் நீங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் உண்மையோடு ஒப்பிடுங்கள். வீட்டின் நிலைக்கு சி1 முதல் சி6 வரை ஒரு குறியீடு இருக்கும். சி1 என்றால் யாரும் குடியேறாத புது வீடு, சி6 என்றால் இருக்கவே பாதுகாப்பில்லாத அளவுக்குச் சேதம். சமையலறையைப் புதுப்பித்த வீட்டுக்கு சி4 போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

இரண்டாம் பக்கத்தில்தான் உயிர் இருக்கிறது. உங்கள் வீடு ஒரு நெடுவரிசையிலும், ஒப்பிட எடுத்துக்கொண்ட விற்ற வீடுகள் பக்கத்து நெடுவரிசைகளிலும் நிற்கும். குறைந்தது மூன்று விற்பனைகள். ஒவ்வொன்றுக்கும் தூரம், விற்ற தேதி, அளவு, அதன் கீழே கூட்டிக் கழித்த தொகைகள். அந்த வீட்டில் உங்களிடம் இல்லாத ஒன்று இருந்தால் அதன் விலையிலிருந்து கழிப்போம், உங்களிடம் இருப்பது அதில் இல்லாவிட்டால் கூட்டுவோம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி: இந்த வீடுகளை வாங்கியவர்கள் உங்கள் வீட்டையும் பார்க்க வந்திருப்பார்களா? தூரம் அரை மைல்தான் என்று இருக்கும். ஆனால் நடுவில் ஒரு நெடுஞ்சாலை ஓடினால் அது வேறு ஊர்.

கடைசியில் வரைபடம், படங்கள். வரைபடத்தின் அளவுகளை நீங்களே பெருக்கிப் பாருங்கள். கூட்டல் பிழைகளை நானே என் வேலையில் கண்டதுண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கசப்பாக இருந்தாலும். அறிக்கையின் பின்பகுதியில் அச்சிட்ட வாசகங்களில் வாடிக்கையாளர் யார் என்று இருக்கும். லெண்டர்தான். பணம் கட்டியவர் நீங்கள், ஆனால் அப்ரைசர் பதில் சொல்ல வேண்டியது லெண்டருக்கு. அவர் வேலை, இந்த அடமானம் கடனுக்கு ஈடாகுமா என்று சொல்வது. உங்கள் கனவுக்கு விலை போடுவதில்லை. கூரை ஒழுகுமா, குழாய் நல்லதா என்று சோதிப்பதும் அவர் வேலை இல்லை, அது வீட்டு இன்ஸ்பெக்டருடையது. இந்த வேறுபாடு தெரியாமல் "அப்ரைசர் பார்த்துவிட்டார், வீடு நல்லது" என்று இன்ஸ்பெக்‌ஷனை விட்டுவிட்ட குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

புதுவீடு_தேடி · செவ்வாய் இரவு

மனைவியும் நானும் உக்காந்து வரிவரியா பாத்தோம். மூணு விஷயம் கண்ணில பட்டது.

ஒண்ணு, தரைத்தளத்துல ஒரு அரைக் குளியலறை இருக்கு, அறிக்கையில அது இல்ல. 2 குளியலறைன்னு மட்டும் போட்டிருக்கு. ரெண்டு, விளம்பரத்துல 2,140 சதுர அடி, இவர் 1,910னு போட்டிருக்கார். 230 சதுர அடி காணோம்! மூணு, ஒப்பிட்ட வீடுகள்ல ஒண்ணு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், வேற பள்ளி மாவட்டம். எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல ஆறு மாசத்துக்குள்ள வித்த ரெண்டு வீடு இதுல இல்லவே இல்ல.

230 சதுர அடிக்கே இருபதாயிரம் டாலர் மேல வருமே. அப்ரைசர் பேரும் நம்பரும் அறிக்கையில இருக்கு. நாளைக்கு நேரா கூப்பிட்டுக் கேக்கட்டுமா?

வைகைக்கரை · செவ்வாய் இரவு

கூப்பிடாதீங்க தம்பி. அவர் உங்ககிட்ட மதிப்பைப் பத்திப் பேச மாட்டார், பேசவும் கூடாது, அவரோட வாடிக்கையாளர் லெண்டர். இதுக்குன்னே "மதிப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல்"னு ஒரு வழி இருக்கு. ஆர்ஓவின்னு சொல்வோம். லெண்டர்கள்கிட்டேர்ந்து வீட்டுக் கடன்களை வாங்கற ஃபேன்னி மே, ஃப்ரெடி மேக்னு ரெண்டு நிறுவனம் இருக்கு. அவங்க வாங்கப்போற கடன்களுக்கு 2024லேர்ந்து லெண்டர் இதுக்கு ஒரு முறையை வெச்சிருக்கணும், அதைப் பத்தி உங்களுக்கு எழுத்துல சொல்லியும் இருக்கணும். உங்க கட்டுல தேடுங்க, இருக்கும்.

முக்கியமானது: ஒரு அப்ரைசலுக்கு கடன் வாங்கறவர் ஒரே ஒரு தடவைதான் கேக்க முடியும். அஞ்சு விற்பனை வரைக்கும்தான் கொடுக்கலாம். க்ளோசிங்குக்கு முன்னாடி முடியணும். அதனால அரைகுறையா அனுப்பி அந்த ஒரு வாய்ப்பை வீணாக்கிடாதீங்க. அப்ரைசல் தேதிக்கு முன்னாடியே விற்பனை முடிஞ்ச வீடுகளா எடுங்க. இன்னும் ஒப்பந்தத்துல இருக்கற வீடு, விளம்பரத்துல கேக்கற விலை இதெல்லாம் எடுபடாது.

தூறல் · புதன் காலை

அந்த 230 சதுர அடியை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

மினசோட்டாவில் நாங்கள் இதே இடத்தில் அவமானப்பட்டோம். விளம்பரத்தில் 2,600, அறிக்கையில் 1,750. நான் கொதித்துப்போய் நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் மூன்றே வரி: முடிக்கப்பட்ட பேஸ்மெண்ட் தரைக்குக் கீழே இருப்பதால் வாழ்பரப்பில் சேராது, தனி வரியில் கணக்கிடப்பட்டுள்ளது. உண்மையாகவே தனி வரியில் இருந்தது. அதைப் பார்க்காமலே எழுதியிருந்தேன். என் கடிதத்தில் வேறு இரண்டு நியாயமான புள்ளிகள் இருந்தன, அவற்றையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டில் பேஸ்மெண்ட் இருக்கிறதா? அல்லது மேலே சாய்கூரை அறை ஏதாவது?

மேசைவிளக்கு · புதன் காலை

தூறல் கேட்டது சரியான கேள்வி. 2022 ஏப்ரல் 1 முதல் ஃபேன்னி மே கடன்களுக்கு ஆன்சி என்ற அளவீட்டுத் தரத்தின்படிதான் அளக்க வேண்டும். தரைக்குக் கீழ் கொஞ்சம் இறங்கினாலும் அந்தத் தளம் முழுவதும் வாழ்பரப்பில் சேராது. கூரை உயரம் குறைந்தது 7 அடி இருக்க வேண்டும். சாய்கூரை அறையானால், அதில் பாதிப் பரப்புக்காவது 7 அடி உயரம் இருக்க வேண்டும், 5 அடிக்குக் குறைவான இடம் எண்ணிக்கையிலேயே வராது. ரியல்டர் விளம்பரங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

புதுவீடு_தேடி · புதன் மதியம்

கராஜுக்கு மேல ஒரு சாய்கூரை அறை இருக்கு. ரியல்டரோட போய் டேப் வெச்சு அளந்தோம். நடுவுல ஒரு பட்டைதான் 7 அடி இருக்கு, பாதிக்கு வரவே இல்ல. அறிக்கையில அது தனியா "போனஸ் அறை"ன்னு வேற வரியில இருக்கு, நாங்கதான் கவனிக்கல. அந்தப் புள்ளியை எடுத்துட்டேன். தூறல், நீங்க சொல்லலைன்னா அதைத்தான் முதல்ல எழுதியிருப்பேன். நன்றி.

அல்லிக்குளம் · புதன் மாலை

இழையைத் திசை திருப்புவதாக நினைக்காதீர்கள், இதைக் கேட்க வேறு இடம் தெரியவில்லை. ஜார்ஜியாவில் 2022ல் பழைய வீட்டுக் கடனை மாற்றிப் புதுக் கடன் வாங்க, மறுகடனுக்குப் போனோம். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக மதிப்பு வந்தது. வேறு லெண்டரிடம் போனபோது, இரண்டாவது அப்ரைசர் வருவதற்கு முன் என் கணவர் கூடத்திலிருந்த குடும்பப் படங்களையும் சாமி படங்களையும் கழற்றி அலமாரிக்குள் வைத்தார். இரண்டாவது மதிப்பு நன்றாகவே அதிகமாக வந்தது. படங்கள்தான் காரணமா, இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சொந்த வீட்டில் தாத்தா பாட்டி படத்தைக் கழற்றி வைத்த அந்தக் காலை மனதைவிட்டுப் போகவில்லை.

கரிசல்மண் · புதன் மாலை

நடுவுல சந்தை மாறியிருக்கலாம், அப்ரைசர் வேற ஆளு. எல்லாத்தையும் இனத்தோட முடிச்சுப் போடக் கூடாதுங்க.

மேசைவிளக்கு · புதன் இரவு

கரிசல்மண், நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். இரண்டு நேர்மையான அப்ரைசர்கள் ஒரே வீட்டுக்கு இரண்டு மதிப்பு சொல்வது இயல்பு. என் தொழிலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் யார் வீடு என்று பார்க்காமல் அளந்தவர்கள், அதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லி அல்லிக்குளத்தின் கேள்வியை மூடிவிட எனக்கு மனமில்லை. ஃப்ரெடி மேக் 2015 முதல் 2020 வரையிலான வீடு வாங்கும் அப்ரைசல்களை, 1.2 கோடிக்கு மேல், எடுத்துப் பார்த்து 2021 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 12.5 சதவீத அப்ரைசல்கள் ஒப்பந்த விலைக்குக் கீழே வந்திருந்தன. வெள்ளையர் பகுதிகளில் அது 7.4 சதவீதம். ஒரு தனி வீட்டில் என்ன நடந்தது என்பதை இந்த எண் சொல்லாது. ஆனால் "எல்லாம் தற்செயல்" என்று சொல்லிவிட்டுப் போகவும் விடாது.

அல்லிக்குளம், 1968ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் அப்ரைசலுக்கும் பொருந்தும். இனம், நிறம், மதம், பிறந்த நாடு எதையும் வைத்து மதிப்பைக் குறைக்கக் கூடாது. வீட்டுவசதித் துறையான ஹட்டிடம் புகார் கொடுக்கச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும், உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இனி யாருக்காவது நேர்ந்தால், சந்தேகத்தைவிட ஆவணத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: இரண்டு அறிக்கைகள், ஒப்பிட்ட வீடுகள் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டன, அக்கம்பக்கத்தை விவரிக்கும் சொற்கள். பாகுபாடு பெரும்பாலும் ஒப்பீட்டு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் மறைந்திருக்கும்.

படங்களைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டால் என்னால் உங்களிடம் "ஆமாம்" என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் நிலையில் என் தொழில் இருந்ததே எனக்கு வருத்தம்.

நெடுந்தொலைவு · வியாழன் அதிகாலை

இங்கே எல்லோரும் மதிப்பு குறைந்து வந்ததைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது நேர் எதிர். அதனால் எழுதுகிறேன்.

2006ல் கலிபோர்னியாவின் ரிவர்சைட் பக்கம் வீடு வாங்கினேன். அப்ரைசர் வந்து இருபது நிமிடத்தில் போய்விட்டார். மதிப்பு ஒப்பந்த விலைக்கு ஒரு டாலர் கூடாமல் குறையாமல் வந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். நானும் மகிழ்ந்தேன். அந்த அறிக்கையை நான் பார்க்கவே இல்லை. எழுதிக் கேட்டால் நகல் தர வேண்டும் என்று அப்போதே சட்டம் இருந்திருக்கிறது, கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. 2009ல் அந்த வீடு வாங்கிய விலையில் பாதிகூடப் போகவில்லை. கடன் மட்டும் அப்படியே நின்றது. 2010ல் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். என் மகள் அப்போது நான்காம் வகுப்பு, பள்ளி மாற வேண்டியிருந்தது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2000 முதல் 2007 வரை 11,000 அப்ரைசர்கள் பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டு வாஷிங்டனுக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். லெண்டர்கள் தங்களை மிரட்டி மதிப்பை ஏற்றச் சொல்கிறார்கள், மறுத்தால் வேலை தருவதில்லை என்று. நிதி நெருக்கடி விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

தம்பி, உங்களுக்குக் குறைத்துச் சொன்ன அந்த அப்ரைசர் ஒருவேளை உங்களைக் காப்பாற்றுகிறாரோ என்னவோ. பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஆனால் 5 லட்சம் வந்தே தீர வேண்டும் என்று மட்டும் போராடாதீர்கள்.

வைகைக்கரை · வியாழன் காலை

அண்ணா சொன்னதுக்குப் பிறகு நான் ஒண்ணு விளக்கணும். "லோன் ஆபீசர் ஏன் அப்ரைசரைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது"ன்னு வாடிக்கையாளர்கள் என்கிட்ட கோபப்படுவாங்க. காரணம் அந்தக் காலம்தான். நியூ யார்க் அட்டர்னி ஜெனரலா இருந்த ஆண்ட்ரூ குவோமோ வழக்குத் தொடுத்து, அதிலேர்ந்து ஒரு நடத்தை விதி 2009 மே 1ல நடைமுறைக்கு வந்தது. 2010ல டாட்-ஃப்ராங்க் சட்டம் அதை நாடு முழுக்கச் சட்டமாக்கிடுச்சு. இந்த எண் வரணும்னு அப்ரைசரை யாரும் அழுத்தக் கூடாது, எண்ணைப் பொறுத்துச் சம்பளம் தரக் கூடாது. மீறினா முதல் தடவைக்கு நாளுக்கு 10,000 டாலர் வரைக்கும் அபராதம்னு அந்தச் சட்டத்துல இருக்கு. ஆனா பிழையைத் திருத்தச் சொல்றதும், வேற விற்பனைகளையும் பாருங்கன்னு சொல்றதும், விளக்கம் கேக்கறதும் அழுத்தம் ஆகாது. சட்டமே அதை வெளிப்படையா அனுமதிக்குது. உங்க லோன் ஆபீசர் "அப்ரைசரை அழுத்தக் கூடாதுன்னு சுதந்திர விதி இருக்கு, எதுவும் கேக்க முடியாது"ன்னு சொன்னா நம்பாதீங்க.

புதுவீடு_தேடி · வியாழன் இரவு

நெடுந்தொலைவு ஐயா, உங்க பதிவை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம். ரொம்ப நேரம் பேசவே முடியல.

இன்னிக்கு அனுப்பிட்டேன். ஒண்ணரைப் பக்கம்தான். அரைக் குளியலறை விடுபட்டதுக்கு படமும் நகராட்சி அனுமதிச் சீட்டும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்க வீடு வேற பள்ளி மாவட்டம்னு வரைபடத்தோட. அடுத்த தெருவுல வித்த ரெண்டு வீடு, விற்பனை முடிஞ்ச தேதியும் அளவும். எந்த மதிப்பு வரணும்னு எங்கேயும் எழுதல. வக்கீல் கண்டிஞ்சென்சி கெடுவை ஒரு வாரம் தள்ளி வாங்கிட்டார், விக்கறவரும் ஒத்துக்கிட்டார்.

முதல்_சாவி · வெள்ளி காலை

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. எனக்கு லோன் எஸ்டிமேட்டில் (தொடக்கத்தில் தரும் உத்தேசச் செலவுக் கணக்கு) அப்ரைசல் கட்டணம் 600 என்று இருந்தது. க்ளோசிங் டிஸ்க்ளோஷரில் (க்ளோசிங்குக்கு முன் தரும் இறுதிக் கணக்கு) 775 ஆகிவிட்டது. "அவசரக் கட்டணம்" என்கிறார்கள். நான் அவசரம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வைகைக்கரை · வெள்ளி காலை

அப்ரைசரை நீங்க தேர்ந்தெடுக்கல, லெண்டர்தான் தேர்ந்தெடுத்தார். அப்போ அந்தக் கட்டணம் ஒரு டாலர்கூட ஏறக் கூடாத பிரிவுல வரும். சூழ்நிலை மாறினதுக்குச் சரியான காரணமும், அதுக்கேத்த திருத்தின எஸ்டிமேட்டும் இருந்தாத்தான் ஏத்தலாம். எழுத்துல காரணம் கேளுங்க. காரணம் இல்லைன்னா 175ஐயும் திருப்பித் தரணும், க்ளோசிங் முடிஞ்சும் 60 நாளுக்குள்ள தரலாம்.

தூறல் · வெள்ளி மதியம்

இன்னொன்று கேட்க வேண்டும். என் தங்கைக்கு "அப்ரைசலே தேவையில்லை, கணினியே மதிப்பை ஏற்றுக்கொண்டது" என்று லெண்டர் சொல்லியிருக்கிறார். 650 டாலர் மிச்சம் என்று குதிக்கிறாள். நல்லதுதானா?

மேசைவிளக்கு · வெள்ளி மதியம்

பணமும் நாளும் மிச்சம், அது உண்மை. ஃபேன்னி மே 2025 தொடக்கத்தில் வீடு வாங்கும் கடன்களுக்கு இந்தச் சலுகையை 90 சதவீதக் கடன் விகிதம் வரை நீட்டியது, அதனால் இனி நிறையப் பேருக்கு இது வரும். ஆனால் அந்த ஏற்பு லெண்டரின் ஆபத்தைப் பற்றியது. உங்கள் தங்கை நியாயமான விலை கொடுக்கிறாளா என்று யாரும் வீட்டுக்குள் வந்து பார்க்கவில்லை. அக்கம்பக்க விற்பனைகளை அவளே தேடிப் பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் தன் செலவில் ஓர் அப்ரைசரை அமர்த்திக்கொள்ளலாம், அப்போது வாடிக்கையாளர் அவள்தான். இன்ஸ்பெக்‌ஷனை மட்டும் எந்த நிலையிலும் விடக் கூடாது.

கடன் முடிவுக்குக் கணினி மதிப்பீட்டு அறிக்கையைப் பயன்படுத்தியிருந்தால், முதல் அடமானக் கடனில் அதன் நகலும் அவளுக்கு உண்டு. இரண்டாம் அடமானமாக வாங்கும் ஹோம் ஈக்விட்டி கடன்களுக்கு இந்த நகல் விதி கிடையாது, அங்கே முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

புதுவீடு_தேடி · அடுத்த புதன் இரவு

பதில் வந்திருச்சு. அரைக் குளியலறையைச் சேர்த்துட்டார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்க வீட்டை எடுத்துட்டு, நாங்க கொடுத்த ரெண்டுல ஒண்ணைச் சேர்த்திருக்கார். இன்னொண்ணை ஏன் சேர்க்கலைன்னு காரணம் எழுதியிருக்கார்: அது குடும்பத்துக்குள்ள நடந்த விற்பனையாம். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. புது மதிப்பு 4,85,000.

வக்கீல் மூலமா திருத்தின அறிக்கையை விக்கறவருக்கு அனுப்பினோம். ரெண்டு நாள் பேச்சுக்கப்புறம் 4,89,000க்கு ஒத்துக்கிட்டார். 4,85,000ல 80 சதவீதம் 3,88,000 கடன். நாங்க போடறது 1,01,000. முன்னாடி வெச்சிருந்ததை விட ஆயிரம் டாலர்தான் கூட. பிஎம்ஐ இல்ல. க்ளோசிங் ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கு.

கரிசல்மண் · அடுத்த புதன் இரவு

ஜெயிச்சவங்களைப் பாத்ததில்லைன்னு சொன்னேன். இப்போ பாத்துட்டேன். வாழ்த்துகள்ங்க. என் 2021 அறிக்கையை இன்னிக்குத்தான் முதல் தடவையா திறந்து படிச்சேன். கராஜ் ரெண்டு கார் நிக்கறது, ஒண்ணுன்னு போட்டிருக்கு.

நெடுந்தொலைவு · வியாழன் அதிகாலை

மகிழ்ச்சி தம்பி. உங்கள் வீட்டம்மாவுக்கும் என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு · வியாழன் காலை

வாழ்த்துகள். இரண்டு அறிக்கைகளையும், முதலில் வந்ததையும் திருத்தியதையும், வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பின்னால் மறுகடனுக்குப் போகும்போது அடுத்த அப்ரைசரிடம் அனுமதிச் சீட்டையும், நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலையும் முதல் நாளே கொடுக்கலாம், அதில் தவறில்லை. அந்த அரைக் குளியலறையின் கதவு படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது என்று உங்கள் படத்தில் பார்த்தேன். அவர் வரும்போது அதைத் திறந்து வையுங்கள்.